ஒரே மேடை, மூன்று பாதைகள்



விளையாட்டு விழா முடிந்த மறுநாள் காலையில் பள்ளி மைதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்திருக்கும். காகிதத் தோரணம் அறுந்து வேப்பமரக் கிளையில் தொங்கும். முதல் நாள் அங்கே ஓடியவர்களுள் பள்ளியிறுதி வகுப்பு மாணவியரும் உண்டு. அவர்களுள் பலருக்கு அதுவே கடைசி ஓட்டம். “இனிமேல் ஓட மாட்டேன் டீச்சர், வீட்டில் போதும் என்று சொல்லிவிட்டார்கள்” என்பாள் ஒருத்தி. “பரீட்சை வருகிறதே” என்பாள் மற்றொருத்தி. கோப்பை வீட்டு அலமாரியில் ஏறிவிடும். ஓடிய கால்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை.

நமக்கு நன்றாக வந்த ஒன்று முடிந்துபோகும்போது என்ன செய்வது? அதற்காகச் செலவிட்ட ஆண்டுகள் வீண்தானா? முடித்துக்கொள்வது தோல்வியா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி இன்று உங்களை வெகுதொலைவுக்கு அழைத்துச் செல்கிறேன். நாம் நேரில் காணாத பனித்தரை அது. அங்கே 1952 பிப்ரவரியில் ஒரே மேடையில் மூன்று பெண்கள் நின்றார்கள். மூவரும் உலகப் புகழ் பெற்றவர்கள். மேடையை விட்டு இறங்கிய பிறகு மூவரும் மூன்று திசைகளில் போனார்கள்.

பனியின்மேல் ஒரு கோலம்

முதலில் அந்த விளையாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதன் பெயர் ஃபிகர் ஸ்கேட்டிங். காலணியின் அடியில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் தகட்டின் அடிப்புறம் தட்டையாக இராது. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ஆகவே ஒவ்வொரு தகட்டுக்கும் உள் விளிம்பு, வெளி விளிம்பு என இரண்டு கூரிய விளிம்புகள் உண்டு. உடலை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கத்து விளிம்பு பனியைப் பற்றும். கால் வளைவாக ஓடும். சாயாமல் ஓடினால் நேர்கோடு, சாய்ந்தால் வட்டம். இந்த ஒரு விதியிலிருந்துதான் எல்லாச் சுழற்சிகளும் தாவல்களும் பிறக்கின்றன.

இன்று தொலைக்காட்சியில் நாம் காண்பது இசைக்கேற்ற ஆட்டத்தை மட்டுமே. அந்நாளில் போட்டி இரண்டு பகுதிகளாக நடந்தது. முதற்பகுதிக்குக் கட்டாய வடிவங்கள் என்று பெயர். இசை இல்லை, கைதட்டல் இல்லை. போட்டியாளர் தூய பனியில் ஒற்றைக் காலால் வட்டங்களையும் எட்டு என்னும் எண்ணைப் போன்ற வடிவங்களையும் வரைய வேண்டும். வரைந்த கோட்டின்மேலேயே மீண்டும் மீண்டும் ஓட வேண்டும். இரண்டாம் கோடு முதற்கோட்டை விட்டு விலகினால் மதிப்பெண் குறையும். நடுவர்கள் குனிந்தும் மண்டியிட்டும் அந்தக் கோடுகளைப் பார்வையிடுவார்கள். நாம் விடியற்காலையில் வாசலில் கையால் கோலம் இடுகிறோம். அவர்கள் காலால் பனியில் கோலம் இட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இந்தக் கோலத்துக்கே உரியது. எஞ்சிய 40 விழுக்காடுதான் இசையோடு ஆடும் ஆட்டத்துக்கு. 1990க்குப் பிறகு உலகப் போட்டிகளில் கட்டாய வடிவங்கள் கைவிடப்பட்டன.

வடிவங்களைப் பிழையின்றி வரைய ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பல மணி நேரம் பழக வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில், குளிரில், ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். நம் மூவரும் அந்தப் பள்ளியில் பயின்றவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பணத்தின் வாசல்

அந்நாளைய ஒலிம்பிக்கில் இன்னொரு விதியும் இருந்தது. விளையாட்டால் பணம் ஈட்டுபவர் அதில் கலந்துகொள்ள முடியாது. பதக்கம் பெறும்வரை ஒரு காசும் வரவில்லை. பதக்கம் பெற்ற மறுநாளோ பெரிய வாசல் ஒன்று திறந்தது. அதுதான் பனிநடனக் காட்சி நிறுவனங்களின் வாசல். நார்வே நாட்டின் சோன்யா ஹெனி அந்த வழியைக் காட்டியவர். 1924இல் தம் 11ஆம் வயதில் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு கடைசி இடம் பெற்றார். பின்னர் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். அதன்பின் போட்டிகளை விட்டு அமெரிக்கா சென்று பனிநடனக் காட்சிகளிலும் திரைப்படங்களிலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு வெற்றியாளரையும் அந்த வாசல் அழைத்தது.

இப்போது 1952க்கு வருவோம். அவ்வாண்டுக் குளிர்கால ஒலிம்பிக் நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் நடந்தது. பெண்கள் போட்டியில் தங்கம் பெற்றவர் பிரிட்டனின் ஜெனெட் ஆல்ட்வெக், வயது 21. வெள்ளி பெற்றவர் அமெரிக்காவின் டென்லி ஆல்பிரைட், வயது 16. வெண்கலம் பெற்றவர் பிரான்சின் ஜாக்லின் டியூ பியெஃப், வயது 21.

முதற்பாதை: பம்பாயில் பிறந்தவர்

ஜெனெட் ஆல்ட்வெக் 1930இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் நாட்டுப் பம்பாய்! தந்தை சுவிட்சர்லாந்துக்காரர், தாய் ஆங்கிலேயர். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்று லங்காஸ்டர் நகரில் வளர்ந்தார். டென்னிஸிலும் அவர் கெட்டிக்காரி. 1947இல் விம்பிள்டன் இளையோர் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தவர். பிறகு பனித்தரையைத் தேர்ந்துகொண்டார். 1948 ஒலிம்பிக்கில் வெண்கலம், 1951இல் உலகப் பட்டம் என்று படிப்படியாக ஏறினார்.

அவருடைய வலிமை கட்டாய வடிவங்களில் இருந்தது. ஆஸ்லோவிலும் அப்படித்தான். வடிவங்களில் முதலிடம் பெற்றார். இசை ஆட்டத்தில் நான்காம் இடமே கிடைத்தது. ஆயினும் மொத்தக் கணக்கில் தங்கம் அவருக்கே. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெற்ற ஒரே பதக்கம் அது. குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பெண் ஒருவர் மீண்டும் தனிநபர் தங்கம் பெற 2010 வரை, அதாவது 58 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

தங்கம் பெற்றவரைத் தேடி வாய்ப்புகள் வந்தன. அவற்றை ஏற்றிருந்தால் செல்வம் சேர்த்திருக்கலாம். அவர் ஏற்கவில்லை. அடுத்துவந்த உலகப் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. பனிக்காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவிட்சர்லாந்தின் ட்ரோகன் என்னும் சிற்றூருக்குப் போனார். அங்கே பெஸ்டலோட்சி சிறுவர் கிராமம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் தாய் தந்தையரை இழந்த குழந்தைகளுக்காக 1946இல் தொடங்கப்பட்டது அந்தக் கிராமம். வால்டர் ராபர்ட் கோர்ட்டி என்பவர் 1944இல் ஒரு பத்திரிகையில் எழுதிய வேண்டுகோளே அதற்கு விதை. கல்வியாளர் பெஸ்டலோட்சியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அறிவு, உள்ளம், கை என்னும் மூன்றையும் சேர்த்து வளர்ப்பதே கல்வி என்று போதித்தவர் அவர்.

அந்தக் கிராமத்தில் ஒவ்வொரு நாட்டுக் குழந்தைகளுக்கும் தனித்தனி வீடு உண்டு. குழந்தை தன் தாய்மொழியை மறக்கக் கூடாது என்பது ஒரு நோக்கம். நேற்றுவரை போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் விளையாட வேண்டும் என்பது மற்றொன்று. 1960 முதல் திபெத்திய அகதிக் குழந்தைகளும் அங்கே இடம் பெற்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில்தான், முந்திய மாதங்களில் ஐரோப்பாவே கைதட்டிய பெண், குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார். அங்கே கைதட்ட யாரும் இல்லை. அழும் குழந்தை அழுகையை நிறுத்தினால் அதுவே பரிசு.

1953இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. 1954இல் திருமணம் செய்துகொண்டு சுவிட்சர்லாந்திலேயே வாழ்ந்தார். நான்கு குழந்தைகளுக்குத் தாயானார். அவருடைய மகள்களுள் ஒருவர், பனித்தரையில் கல் உருட்டி ஆடும் கர்லிங் விளையாட்டில் 1983இல் உலகப் பட்டம் வென்ற சுவிஸ் அணியில் இருந்தார். தாய் விட்டுச்சென்ற பனி மகளை அழைத்துக்கொண்டது போலும்! ஜெனெட் 2021இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

இரண்டாம் பாதை: கலையே வாழ்வு

ஜாக்லின் டியூ பியெஃப் வேறு வகையினர். ஜெனெட் விலகிய பிறகு, அதே 1952இல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் தம் நாட்டு மக்கள் முன்னிலையில் பட்டம் வென்றார். பின்னர் பனிநடனக் காட்சிகளில் சேர்ந்து, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதை தாழ்ந்தது, மற்றவை உயர்ந்தவை என்று நான் சொல்லவில்லை. தச்சரும் நெசவாளரும் தம் கைத்திறனால் உண்பது எப்படி நேர்மையானதோ, அப்படியே நடனக்காரர் தம் கால்திறனால் உண்பதும் நேர்மையானது. தொழிலுக்கு வந்தபின் நடுவர்கள் இல்லை, உண்மைதான். ஆனால் சீட்டு வாங்கி வந்த மக்கள் இருக்கிறார்கள். உடல் வலித்தாலும் மனம் சோர்ந்தாலும் அவர்கள்முன் ஆட வேண்டும். அதுவும் எளிதன்று.

மூன்றாம் பாதை: தழும்பும் தைத்த கையும்

மேடையில் நின்ற மூவருள் இளையவர் டென்லி ஆல்பிரைட். அவர் மட்டும் அன்று நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை, பின்னர் ஏன் நிறுத்தினார் என்பதே நம் பாடத்தின் நடுப்பகுதி.

1935இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் நகரில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். மகளுக்குச் சறுக்குக் காலணியில் ஆசை என்று கண்டதும், குளிர்காலத்தில் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறையவைத்து ஒரு சிறு பனித்தரை அமைத்துக் கொடுத்தார்.

1946இல், டென்லிக்கு 11 வயதானபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்நாளில் அந்நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. மருத்துவமனையில் கிடந்த சிறுமி மீண்டும் நடப்பாளா என்பதே ஐயமாயிருந்தது. நற்பேறாக அவருக்கு நிலையான முடக்கம் நேரவில்லை. வலுவிழந்த தசைகளைத் தேற்றுவதற்காக மீண்டும் சறுக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். எனவே விளையாட்டே மருந்தாயிற்று. சில மாதங்களிலேயே தம் வட்டாரச் சிறுவர் போட்டியில் அவர் வென்றார்.

மாணவியரே, இந்த இடத்தில் கவனமாக இருங்கள். மன உறுதி இருந்தால் போதும், எந்த நோயையும் வெல்லலாம் என்று இக்கதையைச் சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வது மற்றக் குழந்தைகளுக்கு நாம் செய்யும் அநீதி. அதே நோய் தாக்கி, அதே மன உறுதியோடு போராடி, ஊன்றுகோலோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். நம் தெருவிலும் அவர்களைக் கண்டிருக்கிறோம். டென்லிக்கு மன உறுதி இருந்தது, நற்பேறும் இருந்தது. நோயை விரட்டியது கடைசியில் தடுப்பூசிதான். சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பயன் தருவது என 1955இல் அறிவிக்கப்பட்டது. நம் இந்தியாவில் இயற்கைக் கிருமியால் வந்த கடைசி நோயாளி 2011 சனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்ட நாடெனச் சான்று பெற்றது. நம் தாய்மார்கள் கைக்குழந்தைகளைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிச் சென்ற வெற்றி அது.

ஆஸ்லோவில் வெள்ளி பெற்ற டென்லி, 1953இல் உலகப் பட்டம் வென்றார். அப்பட்டத்தை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. அதே ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். மருத்துவப் படிப்புக்குரிய பாடங்களை எடுத்துக்கொண்டார். வைகறை 4 மணிக்குப் பனித்தரை, அதன்பின் வகுப்பு என்று நாட்கள் ஓடின. 1955இல் மீண்டும் உலகப் பட்டம்.

1956 ஒலிம்பிக் இத்தாலியின் கோர்ட்டினா நகரில் நடந்தது. போட்டிக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, பயிற்சியில் ஒரு பள்ளத்தில் தகடு தட்டி டென்லி விழுந்தார். இடக்கால் தகடு வலக்கால் காலணியைக் கிழித்துக் கணுக்காலில் எலும்புவரை வெட்டிவிட்டது. தந்தை அமெரிக்காவிலிருந்து விமானத்தில் விரைந்து வந்தார். மகளின் காயத்தைத் தம் கையாலேயே சீர்செய்தார். தைத்த காலோடு டென்லி பனித்தரையில் இறங்கினார். ஓஃபன்பாக் இயற்றிய இசைநாடகத்தின் படகுப்பாட்டு ஒலித்தபோது, திறந்தவெளி அரங்கில் இருந்த மக்களும் அதனோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். 11 நடுவர்களுள் 10 பேர் அவருக்கே முதலிடம் தந்தனர். ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கர் என்னும் பெருமையும் அவருடையதாயிற்று.

ஆனால் அவர் கதை அந்தத் தங்கத்தோடு முடியவில்லை. அடுத்துவந்த உலகப் போட்டியில் அவர் தோற்றார். ஒலிம்பிக்கில் இரண்டாமிடம் பெற்ற கேரல் ஹெய்ஸ் அங்கே முதலிடம் பெற்றார். “இன்னும் ஓராண்டு பார்ப்போம், பட்டத்தை மீட்போம்” என்று நினைப்பது மனித இயல்பு. டென்லி தம் நாட்டுப் பட்டத்தை ஐந்தாம் முறையாக வென்று, போட்டிகளிலிருந்து விலகினார். 1957இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இளங்கலைப் படிப்பில் மூன்று ஆண்டுகளே முடித்த நிலையில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்த மருத்துவக் கல்லூரி 1782இல் தொடங்கப்பட்டது. பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1945இல்தான். அதாவது 163 ஆண்டுகள் அதன் கதவு பெண்களுக்கு மூடியிருந்தது. டென்லி சேர்ந்தபோதும் வகுப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க பெண்களே இருந்தார்கள். அங்கே ஒலிம்பிக் பதக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. பனித்தரையில் அரசியாக இருந்தவர் உடற்கூற்று வகுப்பில் கடைநிலை மாணவியாக மறுபடியும் தொடங்கினார். 1961இல் பட்டம் பெற்றார். தந்தையைப் போலவே அறுவை மருத்துவரானார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியைச் செய்தார்.

1976 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு சென்ற மருத்துவர்களுள் அவரும் ஒருவர். 20 ஆண்டுகளுக்குமுன் காயம்பட்ட காலோடு நின்றவர், இப்போது பிறர் காயத்துக்கு மருந்திட நின்றார். 1979இல் அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

மேடைக்கு வராத ஆசிரியை

பரிசு வாங்கும் மேடையில் ஆசிரியர்கள் நிற்பதில்லை. ஆகவே டென்லியின் ஆசிரியையைப் பற்றி ஒரு சொல். அவர் பெயர் மேரிபெல் வின்சன் ஓவன். அவரும் ராட்கிளிஃப் கல்லூரியில் படித்தவர். ஒன்பது முறை அமெரிக்கப் பட்டம் வென்றவர். 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளையாட்டுச் செய்திகள் எழுதிய முதல் பெண்ணும் அவரே. பின்னர் பயிற்சி ஆசிரியையானார். கணவரை இழந்தபின் தம் இரு பெண்களையும் தம் உழைப்பால் வளர்த்தார். பெண்கள் இருவரும் 1961இல் அமெரிக்கப் பட்டம் வென்றார்கள். 

அந்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், உலகப் போட்டிக்காகச் சென்ற அமெரிக்க அணியின் விமானம் பிரஸ்ஸல்ஸ் நகருக்கருகே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 72 பேரும் இறந்தனர். அணியின் 18 ஆட்டக்காரர்களும் அவர்களுள் அடக்கம். தாயும் இரு மகள்களும் ஒன்றாக மறைந்தார்கள். அவ்வாண்டு உலகப் போட்டியே கைவிடப்பட்டது. டென்லி மருத்துவப் பட்டம் பெற்றதும் அதே 1961இல்தான். மாணவி மருத்துவரானதைப் பார்க்க ஆசிரியை இல்லை. ஆனால் வைகறை 4 மணிக்கு எழும் பழக்கத்தையும், கோடு விலகினால் மீண்டும் வரையும் பொறுமையையும் அந்த மாணவியிடம் வளர்த்தவர் அவரே. ஓர் ஆசிரியையின் உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை அவரே அறிவதில்லை.

இதிலிருந்து நாம் கற்பது

முதலாவது, முடித்துக்கொள்வதும் ஒரு திறமை. ஜெனெட் உச்சியில் நிறுத்தினார். டென்லி ஒரு தோல்விக்குப் பிறகும் சினத்தால் நீட்டிக்காமல், தாம் முன்பே எண்ணியிருந்த படிப்புக்காக நிறுத்தினார். இருவரும் எதையோ விட்டு ஓடவில்லை. ஒன்றை நோக்கி நடந்தார்கள். “சலித்துவிட்டது, விடுகிறேன்” என்பது வேறு. “இது முடிந்தது, அது காத்திருக்கிறது” என்பது வேறு.

இரண்டாவது, பழையது புதியதற்குள் போய்ச் சேரும். வட்டத்தின்மேல் வட்டம் வரைந்த கால் பின்னர் வட்டம் வரையவில்லை. ஆனால் அதே நிதானம் அறுவைக் கத்தி பிடித்த கையில் தேவைப்பட்டது. கைதட்டல் இல்லாமல் பழகிய மனம், கைதட்டல் இல்லாத குழந்தைகள் இல்லத்தில் நிலைத்து நிற்க உதவியிருக்கும். நீங்கள் ஓடிய ஓட்டமும் ஆடிய கோ-கோவும் அப்படித்தான். கோப்பை அலமாரியில் இருக்கும். பழக்கம் உங்களோடு வரும்.

மூன்றாவது, புதிய இடத்தில் கடைசி ஆளாகத் தொடங்க வெட்கப்படாதீர்கள். 20 வயதில் உலகத்தில் முதலாவதாக இருந்தவர், 22 வயதில் ஒன்றும் தெரியாத முதலாண்டு மாணவியாக அமர்ந்தார். பள்ளியில் முதலிடம் பெற்றுக் கல்லூரிக்குச் செல்லும் பெண்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். அங்கே உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். அது அவமானம் அன்று.

நான்காவது, பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். இந்தக் கதையில் யாரும் டென்லியை “போதும், வீட்டில் இரு” என்று நிறுத்தவில்லை. நிறுத்தும் நாளை அவரே தேர்ந்தார். அவர் தந்தை செய்தவை இரண்டு: கொல்லையில் தண்ணீர் ஊற்றினார், கணுக்காலுக்கு மருந்திட்டார். நம் வீடுகளில் பெண் பெரியவளானதும் ஓட்டம் நின்றுபோகிறது. படிப்புக்காக நிற்பதும் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதற்காக நிற்பதும் உண்டு. என்றேனும் ஒருநாள் அவளே நிறுத்தத்தான் போகிறாள். அந்த நாளை அவள் தேர்ந்தெடுத்தால், அதற்கப்பால் ஒரு பாதை அவள் கண்ணுக்குத் தெரியும். நாம் தேர்ந்தெடுத்தால், மூடிய கதவு ஒன்றே அவளுக்குத் தெரியும்.

இறுதி வகுப்பு மாணவியரே, விளையாட்டு விழாவின் மறுநாள் காலையில் மைதானத்தின் பக்கம் ஒருமுறை போய் நில்லுங்கள். அழிந்துகொண்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டைப் பாருங்கள். பனியில் வரைந்த கோலமும் அப்படித்தான், மறுநாள் இராது. வரைந்த கால் மட்டும் நடந்துகொண்டேயிருக்கும். அது எங்கே நடக்க வேண்டும் என்பதை இன்றிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கட்டாய வடிவங்கள் என்பவை யாவை? அவற்றில் பெற்ற பயிற்சி பிற்கால வாழ்க்கைக்கு எவ்வாறு உதவக்கூடும்?

2. ஜெனெட், ஜாக்லின், டென்லி ஆகிய மூவருள் யார் தேர்ந்த பாதை உங்களுக்கு ஏற்றது? காரணம் தருக.

3. “மன உறுதி இருந்தால் போதும்” என்னும் கூற்றை இக்கட்டுரை ஏன் ஏற்கவில்லை?

4. நீங்கள் இன்று நன்றாகச் செய்யும் ஒன்றை நாளை நிறுத்த நேர்ந்தால், அதிலிருந்து எந்தப் பழக்கத்தை உங்களோடு எடுத்துச் செல்வீர்கள்? வீட்டில் தாய் தந்தையரோடு கலந்து பேசி எழுதுக.